மறு: லெட்டூஸ் ‘போல்ட்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம்.

சாலட் கீரையான லெட்டூஸ் திடீரென்று தண்டு நீட்டிப் பூக்கக் கிளம்புவதை ஆங்கிலத்தில் ‘போல்ட்டிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி, மாடித்தோட்டக் கையேட்டுக்காகத் தொடங்கிய இந்த இழையில் நிறையச் சொற்கள் விழுந்துவிட்டன. அவற்றுக்குப் பதில் சொல்வதற்கு முன், நாம் எதற்குப் பெயர் தேடுகிறோம் என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

லெட்டூஸ் இளஞ்செடியில் தண்டு இருப்பதே தெரியாது. இலைகள் தரையோடு அடுக்கி நிற்கும். தண்டு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கணுவிடைகள், அதாவது இலை முளைக்கும் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டுப் பகுதிகள், மிகக் குட்டை. வெயில் ஏறியதும் செடிக்குள் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கூடுகிறது, கணுவிடைகள் கிடுகிடுவென நீள்கின்றன. நடுக்குருத்து கூம்பிக்கொண்டு மேலே கிளம்பும். புது இலைகள் ஒடுங்கும். கிள்ளினால் பால் கூடுதலாக வடியும், கசப்பும் அந்தப் பாலில்தான் இருக்கிறது. பூ வருவது இதற்கெல்லாம் பிறகு.

> வெப்பத்தால் பூப்பதுதானே? ‘வெப்பப்பூப்பு’ என்று முடித்துவிடலாம்.

ஐயா, கடலூரிலும் புதுச்சேரியிலும் காரணம் வெப்பம்தான், அதில் சண்டையில்லை. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் நீளும். நீண்ட பகலும் லெட்டூஸைப் பூக்கத் தூண்டும் என்பதால் அங்குள்ள தோட்டக்காரர் அதன்மேலும் பழி போடலாம். நம் ஊரில் பகல் ஜூனில்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. ஆனால் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் இதே வேலையைக் குளிர் பட்ட பிறகு செய்கின்றன. ஸ்பினாச்சுக்குப் பகல் நீண்டாலே போதும். ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நாம் காரணத்தைச் சொல்லுக்குள் ஒட்டிவிட்டால் கேரட் பக்கம் போகும்போது அதைப் பிய்த்தெறிய வேண்டியிருக்கும். அப்புறம், பூ வரட்டும் என்று காத்திருப்பவருக்குத் தின்ன இலை மிஞ்சாது, அதனால் பெயரில் பூவை முன்னால் நிறுத்துவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, ‘பூப்பு’ என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நன்னீராட்டு விழாப் பத்திரிகைதான் நினைவுக்கு வரும்!

> எங்க பக்கம் ‘முத்திப்போச்சு’ன்னு சொல்வோம். ‘முற்றல்’ போதாதா?

வெண்டைக்காய் முற்றும், முருங்கைக்காய் முற்றும். அது வயதாவது. லெட்டூஸ் பாதி வளர்ச்சியில்கூடக் கிளம்பிவிடும். முற்றல் என்று எழுதினால், சீக்கிரம் பறித்திருந்தால் தப்பித்திருக்கும் என்று மட்டும் படிப்பவர் நினைப்பார். விதைத்த மாதமே தப்பு என்று அவருக்குத் தோன்றாது.

> கொடி ஓடுது, வேர் ஓடுது என்கிறோமே. ‘தண்டோடல்’?

வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வேகமும் இருக்கிறது, பேச்சு வழக்கும் இருக்கிறது. ஆனால் வினையாக்கிப் பாருங்கள். ‘தண்டோடு’ என்று எழுதியதும் அது ‘தண்டுடன்’ ஆகிவிடுகிறது. “தண்டோடும் கீரையைப் பறிக்கலாமா?” என்ற கேள்வியை இரண்டு விதமாகப் படிக்கலாம், இரண்டும் தோட்டத்தில் நடக்கக்கூடியவையே. ‘தண்டுப்பாய்ச்சல்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தோட்டக் கையேட்டில் பாய்ச்சல் என்றால் தண்ணீர்தானே.

முத்தியால்பேட்டை அக்கா பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொடுத்தது நல்ல உதவி. அங்கே இதை மேலேறுதல் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள், பேச்சில் ‘விதைக்கு ஏறிவிட்டது’ என்பார்கள் என்று எழுதியிருந்தார். அதை அப்படியே பெயர்க்க வேண்டாம். ஆனால் அவர்களும் கண்ணுக்குத் தெரியும் அசைவைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கலாம். நம் நெல் வயலிலும் அப்படித்தான். தூர் கட்டுகிறது, கதிர் ஈனுகிறது, பால் பிடிக்கிறது. எல்லாமே ஒரு பெயரும் ஒரு வினையும். ஏன் நடக்கிறது என்ற கேள்விக்கே போகவில்லை.

அந்த வழியில் என் முன்மொழிவு: தண்டெழுச்சி. வினை: தண்டெழு.

‘தண்டெழுதல்’ என்றால் யாரோ பேனாவை எடுப்பதுபோல் இருக்கிறது, அதனால் தவிர்த்தேன். ‘எழுச்சி’யில் மாநாட்டுச் சுவரொட்டி வாடை அடிக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் ‘தண்டெழல்’ என்று எழுதிக்கொள்ளட்டும். தண்டுக்கீரை தின்று வளர்ந்தவர்களுக்குத் தண்டு என்பது குறையாகப் படாதே என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். சீனத்தில் தண்டுக்காகவே வளர்க்கும் ஒரு லெட்டூஸ் வகை உண்டு, அங்கே தண்டு நீள்வதுதான் மகசூல். ஆகவே நல்லது கெட்டது என்ற தீர்ப்பு சொல்லுக்குள் இல்லாமல் இருப்பதே மேல்.

கலைச்சொல் பட்டியலில் மட்டும் அழகாக இருந்து வாக்கியத்தில் படுத்துவிடும் சொற்கள் ஏராளம். கையேட்டில் வரப்போகும் செய்திகளிலேயே இதைப் போட்டுப் பார்த்தேன்:

“ஐஸ்பெர்க் வகை நம் கோடையில் உருண்டை கட்டுவதற்குள் தண்டெழுந்துவிடும். பிரித்துப் பறிக்கும் இலைவகைகளும் பட்டேவியா வகைகளும் தண்டெழத் தாமதிக்கும்.” தடையில்லாமல் ஓடுகிறது. “மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டி, மண்ணை வைக்கோலால் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் தண்டெழுச்சி தள்ளிப்போகும்.” இங்கே ‘தள்ளிப்போகும்’ என்பது முக்கியம், ‘நிற்கும்’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். இந்தச் செடிக்குப் பிடித்தது 15 முதல் 20 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் நம் கடற்கரையில் இரவே 27 டிகிரியை ஒட்டி நிற்கிறது. நிழல்வலை வெயிலை மறைக்கும், ராத்திரிப் புழுக்கத்தை அது என்ன செய்யும்? மே மாதத்தில் லெட்டூஸ் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் நெருக்கமாக விதைத்து, தண்டெழுமுன் இளம் இலையாகவே அரிந்துகொள்வதுதான் வழி. முழுச்செடி பார்க்க ஆசையென்றால் வடகிழக்கு மழை ஓய்ந்ததும் விதைத்து, ஜனவரி, பிப்ரவரிக்குள் பறித்துவிட வேண்டும். “தண்டெழுந்த செடியின் நுனியைக் கிள்ளினாலும் கசப்பு போகாது, பிடுங்கி உரக்குழியில் போடவும்.” இதுவும் இடறவில்லை.

கோடையில் விதையே முளைப்பதில்லை என்று கோரிமேட்டு நண்பர் எழுதியிருந்தார். அது வேறு சிக்கல். ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேல் போனால் லெட்டூஸ் விதை முளைக்காமல் உறங்கிவிடும். அதை ‘வெப்ப உறக்கம்’ என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் அந்த உறக்கத்துக்கு எப்போதுமே வெப்பம்தான் காரணம். ஈரத்துணியில் சுற்றி இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, சாயங்காலம் விதைத்துப் பாருங்கள். மண்ணை மேலே கனமாகப் போடாதீர்கள், அதற்கு வெளிச்சம் வேண்டும். செவ்வொளி பட்டால் விதை முளைக்கும், அதைத் தொடர்ந்து தொலைசிவப்பு ஒளி (சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) பட்டால் முளைப்பு நிற்கும் என்று 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் காட்டியதே லெட்டூஸ் விதையை வைத்துத்தான்.

லெட்டூஸையே ‘இலைக்கோசு’ என்று எழுதலாமா என்ற கேள்வியை இப்போது எடுக்க வேண்டாம். அது கோசு இனமே இல்லை, சூரியகாந்திக் குடும்பம். அதற்குத் தனி இழை போட்டுச் சண்டை பிடிப்போம்.

என் கவலை ஒன்றுதான். வெங்காயத்திலும் இதே கோளாறு உண்டு. குளிரில் மாட்டிய பயிர், காய் பெருக்காமல் பூந்தண்டை நீட்டிவிடும். வெங்காயம் போடுபவர்கள் வாயில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கக்கூடும். உங்கள் உறவில், ஊரில் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால், தண்டெழுச்சியை நானே பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து