ஒரு ‘சும்மா’வில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

பாட்டி பேசிய 20 நிமிட வீடியோவுக்கு ஆங்கில சப்டைட்டில் போடுகிறேன். அமெரிக்காவில் வளரும் அக்கா பிள்ளைகளுக்காக. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். 3 நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: சும்மா.

மொத்தம் 11 இடம். “சும்மா கெடந்த நெலம்” தரிசு, “சும்மா இருடா” வாயை மூடு, “சும்மா குடுத்தான்” இலவசம், “சும்மா சும்மா வருவாரு” அடிக்கடி. இதெல்லாம் ஒப்பேற்றிவிட்டேன். (“சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசன்” என்பதற்குத்தான் ஒரு ராத்திரி போனது.)

சிக்கல் 4:10-இல். “தாத்தா போனப்புறம் என்ன பாட்டி பண்ணுனீங்க?” என்று கேட்கிறேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, நிமிராமல், “சும்மாதான் இருந்தேன்” என்கிறார். நாலு பிள்ளைகளையும் இரண்டு மாட்டையும் ஒற்றை ஆளாகப் பார்த்த வருஷம் அது!

‘ஐடில்’ போட்டேன், பாட்டி சோம்பேறி ஆகிவிட்டார். ‘நத்திங்’ மொட்டையாக நிற்கிறது. ‘சிம்ப்ளி’ நம்மூர் ஆங்கிலம், பிள்ளைகள் சிரிப்பார்கள். அகராதியில் பொருள் இருக்கிறது, அந்தக் குரல் இல்லை. திரையில் 2 விநாடிதான், அதனால் விளக்கம் எழுதவும் இடமில்லை.

இந்த ஒரு “சும்மாதான் இருந்தேன்”, நீங்களாக இருந்தால் ஆங்கிலத்தில் என்ன போடுவீர்கள்?