சைபீரியால இருந்து அலாஸ்காவுக்கு நடந்தே போனாங்களா, எப்படிங்க?

கேள்வி: பெரிங் ஜலசந்தி இப்போ சுமார் 85 கிலோமீட்டர் கடல். ஆனா பனியுகத்துல அங்க நிலப்பாலம் இருந்துச்சு, மனுசங்க அது வழியாத்தான் அமெரிக்கா போனாங்கன்னு படிச்சேன். பாலம்னா ஒத்தையடிப் பாதை மாதிரியா? எல்லாமே பனியா இருந்தா அங்க என்னத்த தின்னாங்க?

பனிமனிதன்: பாலம்ங்கற பேரே தப்பா யோசிக்க வைக்குது பாஸ். சுமார் 20,000 வருசம் முன்னாடி தண்ணியெல்லாம் பனிப்பாறையா உறைஞ்சு கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் கீழ இருந்துச்சு, ஜலசந்தியோட ஆழமே 50 மீட்டர் கிட்டத்தான், அதனால வடக்கு தெற்கா 1,000 கிலோமீட்டருக்கு மேல அகலமா பெரிய நிலப்பரப்பே வெளிய வந்துருச்சு. அதுல பெரும்பகுதி பனிப்பாறை மூடாத புல்வெளி, மாமூத், காட்டெருமை, குதிரை எல்லாம் மேஞ்சுச்சு. சாப்பாட்டுக்கு என்ன குறை!

கல்லாயுதம்: அலாஸ்கா வந்தப்புறம்தான் சிக்கல். கனடாவை பனி அடைச்சு கிடந்துச்சு. தென் அமெரிக்காவுல சிலி நாட்டுல மான்டே வெர்டேங்கற இடத்துல கிடைச்ச மனுசத் தடயம் சுமார் 14,500 வருசம் பழசுன்னு சொல்றாங்க, ஆனா கனடாப் பனிக்கு நடுவுல போற உள்நாட்டு வழி அப்போ சரியா திறக்கவே இல்ல. அதான் பசிபிக் கரையோரமா படகுல போயிருப்பாங்கன்னு இப்போ நிறைய பேர் நினைக்கறாங்க. அதவிட பழைய தடயமும் இருக்கு: அமெரிக்காவோட நியூ மெக்சிகோ மாநிலத்துல ஒயிட் சாண்ட்ஸ்ங்கற இடத்துல காய்ஞ்ச ஏரிச் சேத்துல பதிஞ்ச மனுசக் காலடித் தடத்துக்கு 21,000-ல இருந்து 23,000 வருசம்னு கணக்கு, நிறைய சின்னப் பசங்க பாதம், விரல்கூட தெரியுது.

கேள்வி கேட்டவர்: அப்போ ஆஸ்திரேலியாவுக்கும் இப்படித்தானா?

பனிமனிதன்: இல்ல, நடுவுல ஆழ்கடல், அங்க எப்பவுமே முழுசா நிலம் இல்ல. கடலைத் தாண்டித்தான் போயிருக்கணும்.