கடையில் ஒன்று இருக்கிறது, வீட்டுக்கு இன்னொரு கம்ப்யூட்டர்: 45 ஆயிரத்துக்குள் எதை வாங்கலாம்?

பட்டுக்கோட்டை ஸ்டுடியோ

வணக்கம். சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பெரும்பாலும் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து. கடையில் 2021இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இருக்கிறது, ஐ7, 32 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பகல் முழுக்க என் தம்பி அதில் உட்கார்ந்து ஆல்பம் போடுகிறான், பாஸ்போர்ட் சைஸ் கேட்டு வருகிறவர்களையும் அதிலேயே பார்க்கிறான். நான் படம் பொறுக்குவதும் கலர் பார்ப்பதும் அவன் எழுந்த பிறகுதான், அதாவது இரவு ஒன்பது மணிக்கு மேல். போன வைகாசியில் ஒரே வாரத்தில் மூன்று கல்யாணம் வந்து, இரவு ஒரு மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இப்போது ஆடி, கடை காற்று வாங்குகிறது. ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் வீட்டுக்கு ஒன்று வாங்கிவிட நினைக்கிறேன். 45 ஆயிரம் வைத்திருக்கிறேன், ரொம்ப அவசியம் என்றால் 50. ஷோரூமில் கேட்டால் கேமிங் லேப்டாப்பைக் காட்டி மாதத் தவணை பேசுகிறார்கள். நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்ட் போதும் என்கிறார். வீடியோ எடிட்டிங் நான் செய்வதில்லை, வெளியே கொடுத்துவிடுகிறேன். போட்டோஷாப், லைட்ரூம் இரண்டும்தான். எதை எடுக்கலாம்?

வைகைக் கரை

யோசிக்காமல் ஆப்பிளின் மேக் மினி எம்4 எடுங்கள். 2024 நவம்பரில் வந்தது, அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி. வந்தபோது 59,900 ரூபாய், மாணவர்களுக்கு 49,900. வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். சத்தமே வராது, கரண்டும் கொஞ்சம்தான் இழுக்கும். வந்ததிலிருந்தே நான் அதில்தான் வேலை செய்கிறேன்.

பழைய இரும்பு

வைகைக் கரை அண்ணன் சொல்வது நல்ல மெஷின்தான், ஆனால் அந்த விலைக்குள் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் இல்லை. உள்ளே ஸ்டோரேஜும் 256 ஜிபிதான். 45 ஆயிரத்தில் நிற்கிறவரிடம் போய் இதைச் சொன்னால் எப்படி.

ஸ்டுடியோ அண்ணே, மாடல் பெயரைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள். வீட்டு மெஷினில் எந்த வேலை நடக்கப் போகிறது? ஆல்பமா, பொறுக்குவதும் கலருமா? இரண்டுக்கும் தேவை வேறு. நீங்கள் போடுவது 12க்கு 36 இஞ்ச் ஷீட்தானே? 300 டிபிஐயில் (இஞ்சுக்கு 300 புள்ளி) அது 10,800க்கு 3,600 பிக்சல். எட்டு பிட்டில் முழு ஷீட்டை அடைக்கிற ஒரே ஒரு லேயர் (அடுக்கு) நூறு எம்பியைத் தாண்டும். ரெடிமேட் பிஎஸ்டி (போட்டோஷாப் ஃபைல்) டெம்ப்ளேட்டில் அந்த மாதிரி பத்துப் பதினைந்து கிடக்கும், அப்புறம் ஹிஸ்டரி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எல்லாம் தனி. அதற்கு 32 ஜிபி இருந்தால்தான் நிம்மதி, அது உங்கள் கடையில் ஏற்கெனவே இருக்கிறது. எனவே ஆல்பத்தைக் கடையிலேயே விடுங்கள். கலர் பார்க்க 16 ஜிபி ராம், ஒரு நல்ல எஸ்எஸ்டி, எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர் இருந்தால் ஓடிவிடும். கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனால் ஓடும்.

ஏன் எட்டாம் தலைமுறை என்றால், விண்டோஸ் 11 இன்டெலில் அதற்குக் கீழே போகாது (ஒன்றிரண்டு விதிவிலக்கைத் தவிர). விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்தது. அதனால்தான் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்பை எல்லாம் கடைக்காரர்கள் மலிவாகத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஆபீஸ்களிலிருந்து லாட்டாக வெளியே வருகிற பழைய லேப்டாப்களில் லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, 7490 இந்த வகையறாவைப் பாருங்கள். மூன்றிலும் ராம் போட இரண்டு ஸ்லாட் உண்டு. அதே திங்க்பேடில் டி480எஸ், டி490 என்றால் ஒரு ராம் போர்டிலேயே பற்ற வைத்தது, ஸ்லாட் ஒன்றுதான். கடைக்காரருக்கே இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கும், நீங்கள்தான் அடியில் இருக்கிற ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும். முடிந்தால் 16 ஜிபி போட்டே இருப்பதை வாங்குங்கள், 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்துக்கு பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விடுவது நஷ்டம். என்னுடையது டி480, சென்னை ரிச்சி தெருவில் 23 ஆயிரத்துக்கு எடுத்தேன். எஃப் கீ ஒன்று மட்டும் தேய்ந்து போயிருந்தது, மற்றபடி குதிரை.

கோடும் நிறமும்

பழைய இரும்பு சொன்னதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கேட்பவருக்கு முக்கியமான வேலையே கலர், அந்த லேப்டாப்களில் மோசமானது அந்த ஸ்கிரீன்தான். டி480இல் சாதாரணமாக வருகிற பேனல், எஸ்ஆர்ஜிபி என்கிற பொது அளவுகோலில் உள்ள நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடச் சரியாகக் காட்டாது, வெளிச்சமும் மங்கல். கல்யாணப் படம் என்றால் குங்குமம், அரக்குப் பட்டு, மஞ்சள் கயிறு, சாமந்தி. எல்லாமே அந்த ஸ்கிரீன் சொதப்புகிற நிறங்கள். சிவப்பு சோகையாகத் தெரியும், நீங்கள் ஏற்றிவிடுவீர்கள், லேபிலிருந்து பிரிண்ட் வரும்போது மாப்பிள்ளை முகம் செங்கல் மாதிரி இருக்கும்.

நான் படம் வரைகிறவள், போட்டோக்காரி இல்லை, ஆனால் இந்தப் பாடத்துக்கு நானும் பணம் கட்டியிருக்கிறேன். முதல் வருடம் ஒரு புத்தக அட்டையை லேப்டாப் ஸ்கிரீனிலேயே முடித்து அனுப்பி, அச்சாகி வந்ததைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது.

அதனால் பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். லேப்டாப்புக்கு 25, மானிட்டருக்கு 12. இருபத்து நான்கு இஞ்ச், ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாதது), 99 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று பெட்டியில் போட்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள், 4கே தேவையே இல்லை. ஆல்பம் லேபில் பொதுவாக எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் கேட்பார்கள், அதற்கு மேல் செலவு செய்து என்ன பிரயோஜனம். ஸ்கிரீன் நிறத்தை அளந்து சரிசெய்கிற கேலிபரேட்டர் வாங்கக் காசு இல்லையென்றால், கடையில் ஏற்கெனவே பிரிண்ட் போட்டு திருப்தியான பழைய ஆல்பம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய், அதே ஃபைலைத் திறந்து, பக்கத்தில் வைத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பெரும்பாலும் எல்லோரும் மானிட்டரை அளவுக்கு மீறி வெளிச்சமாக வைத்திருப்பார்கள், பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று லேபைத் திட்டுவார்கள்.

பழைய இரும்பு

ஸ்கிரீன் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். நான் அதில் கணக்கு வழக்குதான் பார்க்கிறேன், கண்ணில் படவில்லை.

பட்டுக்கோட்டை ஸ்டுடியோ

மாப்பிள்ளை முகம் செங்கல் ஆன கதை என்னிடமும் உண்டு. சரி, இரண்டு சந்தேகம். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் ரா ஃபைல் (கேமராவிலிருந்து வரும் பதப்படுத்தாத அசல்), 75 ஜிபிக்குக் குறையாமல் வரும். தினமும் அதைக் கடைக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? அப்புறம் அடோபிக்கு ஒரே ஒரு சந்தாதான் கட்டுகிறேன், இரண்டிலும் போட முடியுமா?

கோடும் நிறமும்

சந்தாவுக்கு மட்டும் பதில். இரண்டு கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்யலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டிலும் ஓட்டக்கூடாது. தம்பி கடையில் வேலை செய்யும்போது நீங்கள் வீட்டில் திறந்தால் விதிப்படி தப்பு. அவர் எழுந்த பிறகுதான் நீங்கள் உட்காருகிறீர்கள் என்பதால் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். சீசனில் பகலிலும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் இன்னொரு சந்தாவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்க்டேபிள் மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, நல்லதும்கூட, ஆனால் அதில் செய்த கலர் திருத்தம் லைட்ரூமுக்கு அப்படியே வராது.

முகூர்த்தக்கால்

நானும் கல்யாண போட்டோகிராபர்தான், இதே ஏற்பாட்டில் மூன்று வருடமாக ஓட்டுகிறேன். ரா ஃபைலைத் தூக்க வேண்டாம். லைட்ரூம் கிளாசிக்கில் ஸ்மார்ட் பிரிவ்யூ என்று ஒன்று இருக்கிறது, 2013இல் ஐந்தாம் வெர்ஷனிலேயே வந்துவிட்டது, நம் ஆட்கள் பாதிப் பேர் இன்னும் தொடுவதில்லை. இம்போர்ட் செய்யும்போதே டிக் அடித்தால், ஒவ்வொரு படத்துக்கும் நீளப் பக்கம் 2,560 பிக்சலில் சின்ன நகல் ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளும், ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. கேட்டலாக்கையும் (திருத்தங்களைக் குறித்து வைக்கிற ஃபைல்) அந்த நகல்களையும் ஒரு சின்ன எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். கலர், கிராப், எக்ஸ்போஷர் எல்லாம் செய்யலாம். ஃபைல் சின்னது என்பதால் பழைய ஐ5கூட வழுக்கிக்கொண்டு ஓடும். காலையில் கடையில் செருகினால் அசல் ஃபைலோடு தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஒன்று மட்டும் கவனம், ஃபோகஸ் சரியா என்று அந்த நகலில் பார்க்காதீர்கள். தாலி கட்டுகிற படம் நகலில் கூர்மையாகத்தான் தெரியும், அசலில் பெரிதாக்கிப் பார்த்தால் ஃபோகஸ் பின்னால் நிற்கிற மாமா மீது இருக்கும். நான் அப்படி ஒரு படத்தை ஆல்பத்தின் நடு ஷீட்டுக்கே அனுப்பியிருக்கிறேன். பொறுக்குவது மட்டும் அசல் ஃபைலில். அந்த இரவு மட்டும் 75 ஜிபியைக் காப்பி செய்து எடுத்துப் போகலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம் ஃபான்ட். எப்போதாவது வீட்டில் ஷீட்டைத் திறந்து பெயரை மாற்ற வேண்டி வரும். கடையில் இருக்கிற பாமினி வகை (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டுகிற பழைய வகை) ஃபான்ட் எல்லாவற்றையும் வீட்டு மெஷினிலும் போட்டு வையுங்கள். இல்லையென்றால் மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும், அவசரத்தில் அதைக் கவனிக்காமல் ஜேபெக் ஆக்கிவிட்டால் அவ்வளவுதான்.

சூடுபட்ட பூனை

செகண்ட் ஹேண்ட் என்றதும் ஓடி வந்தேன். போன வருடம் தெரிந்தவர் மூலம் ஒரு எம்1 மேக்புக் ஏர் வாங்கினேன், புதுசு மாதிரி, நல்ல விலை. ஆறு மாதம் கழித்து ஸ்லோவாக இருக்கிறதே என்று முழுக்க அழித்துத் திரும்ப செட்டப் செய்தபோது வைஃபை இணைந்ததும் ஒரு திரை வந்தது: இந்தக் கம்ப்யூட்டர் இன்ன கம்பெனியின் நிர்வாகத்தில் இருக்கிறது என்று. அந்தக் கம்பெனியின் ஐடி ஆட்கள் தங்கள் பக்கத்தில் நீக்கினால்தான் அது போகும். விற்றவர் போனை எடுப்பதில்லை. மேக் வாங்கினால் விற்பவரையே முழுதாக அழிக்கச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கடைசி வரை செட்டப் முடித்த பிறகு பணம் கொடுங்கள். விண்டோஸ் என்றால் ஆன் செய்யும்போதே வருகிற பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம் என்று நடையைக் கட்டுங்கள். எஸ்எஸ்டி ஆரோக்கியத்தை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற சாஃப்ட்வேரில் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை.

பட்டுக்கோட்டை ஸ்டுடியோ

எல்லோருக்கும் நன்றி. ஸ்மார்ட் பிரிவ்யூ இத்தனை வருடம் என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது, நேற்று ஒரு பழைய வளைகாப்பை அதில் போட்டுத் தம்பியின் ஐந்து வருட லேப்டாப்பில் திறந்து பார்த்தேன், நன்றாகவே ஓடுகிறது. அதனால் முதலில் மானிட்டர் வாங்கி அந்த லேப்டாப்பிலேயே ஆவணி முதல் முகூர்த்தத்தை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். தம்பி ஒரு மாதத்துக்கு மட்டும்தான் தருவேன் என்கிறான். அதற்குள் சென்னைப் பக்கம் போக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, ரிச்சி தெருவில் இறங்கி டி480 பார்த்துவிட்டு வருகிறேன். பழைய இரும்பு அண்ணே, நீங்கள் வாங்கியபோது பில் கொடுத்தார்களா, வாரண்டி எத்தனை மாதம்?

பழைய இரும்பு

பில் கேட்டு வாங்கினேன், ஆறு மாதம் எழுதிக் கொடுத்தார்கள். சார்ஜருக்கும் பேட்டரிக்கும் கிடையாது. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்துப் பேரம் பேசுங்கள், எனக்கு அதில் ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது.