ப்ராப் 36 ஜெயித்துவிட்டது, சட்டத்தில் எங்கே தேடுவது? அவசரம்

வேணி_மில்பிடாஸ்
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெரியவர்களிடம் ப்ராப் 36 பற்றி, அதாவது கலிஃபோர்னியாவில் மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ப்ரொபசிஷன் 36 பற்றிப் பேச வேண்டும். வாக்காளர் கையேடு இந்தியில் கிடைக்கிறது, தமிழில் இல்லை. அதனால் நானே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாநிலச் சட்டத் தளத்தில் மசோதா தேடும் பெட்டியில் 36 என்று போட்டால் சம்பந்தமே இல்லாதவை வருகின்றன. நிறைவேறிய சட்டத்துக்கு வரிசையாகக் கொடுப்பார்களே, அந்தச் சாப்டர் எண் மட்டும் யாராவது சொன்னால் போதும்.

குமரன்_ஓக்லண்ட்
எந்த வருஷத்து 36? 2000, 2012, 2024 மூன்றிலும் கலிஃபோர்னியாவில் ஒரு ப்ராப் 36 இருந்தது, மூன்றும் ஜெயித்தன. பத்து வருஷத்துக்கு ஒருமுறை எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும். வருஷம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

ரவி_டப்ளின்
எனக்குத் தெரிந்து இன்னும் சட்டமாகியிருக்காது அக்கா. மக்கள் ஓட்டுப் போட்டாலும் சட்டமன்றம் நிறைவேற்றி, கவர்னர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தளத்தில் ஏற்றுவார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள்.

பெரியசாமி_சாக்ரமெண்டோ
இங்கே வந்து கேட்பதற்கு முன் மாநில அரசியல் சாசனத்தின் 2-ஆம் ஆர்டிகிள், 10-ஆம் பிரிவை ஒருமுறை படித்திருக்கலாம். பத்து வரி கூட இராது. ரவி, தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதீர்கள். மக்கள் நிறைவேற்றியதற்குக் கவர்னர் கையெழுத்து தேவையே இல்லை. மாநிலத் தேர்தல்களைக் கவனிக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் வாக்கு விவரத்தைப் பதிவு செய்த ஐந்தாம் நாள் அது சட்டம். 2024-இல் டிசம்பர் 13 பதிவு, 18 முதல் அமல். இந்த மன்றத்தில் இதை எத்தனை முறை எழுதுவது?

வேணி_மில்பிடாஸ்
2024 தான். மன்னிக்கவும், எல்லாருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன். அப்போ சாப்டர் எண்?

செல்வம்_சியாட்டில்
கட்டாயம் இருக்கும், நன்றாகத் தேடுங்கள். எங்கள் வாஷிங்டனில் 2012-இல் ஜெயித்த கஞ்சாச் சட்டம், இனிஷியேட்டிவ் 502, 2013-இன் சாப்டர் 3 என்று பதிவாகியிருக்கிறது. பக்கத்து ஓரிகனில் மெஷர் 91 கூட 2015-இன் சாப்டர் 1.

குமரன்_ஓக்லண்ட்
அது உங்கள் ஊர் முறை, செல்வம். இங்கே மசோதாவுக்குத்தான் சாப்டர் எண். கையெழுத்து திரட்டி நேரே ஓட்டுக்கு வந்தது மசோதாவே இல்லை, அதனால் எண்ணும் இல்லை. வேணி, அந்தப் பெட்டியை விட்டுவிட்டு கோடு (code), அதாவது நடப்புச் சட்டங்களைத் துறைவாரியாகத் தொகுத்திருக்கும் பக்கத்துக்குப் போய் பிரிவு எண்ணில் தேடுங்கள். பீனல் கோடு 666.1, ஹெல்த் அண்ட் சேஃப்டி கோடு 11395. 666.1 திரும்பத் திரும்பத் திருடுகிறவர்களுக்கு, 11395 போதைப்பொருளுக்கு. பிரிவின் முடிவில் அடைப்புக்குறிக்குள் 2024 நவம்பர் 5, இனிஷியேட்டிவ் ப்ரொபசிஷன் 36 என்று ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். அதுதான் இதன் முகவரி.

மாலதி_ஃப்ரீமாண்ட்
ஒரு எச்சரிக்கை. கோடில் இருப்பதாலேயே அது நடப்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2008-இன் ப்ராப் 8, ஒரே பாலினத் திருமணத்தைத் தடுத்தது. 2013-இல் அந்தத் தடை விழுந்து கல்யாணங்கள் நடந்தன. ஆனால் 1-ஆம் ஆர்டிகிள் 7.5-ஆம் பிரிவு 2024 நவம்பரில் ப்ராப் 3 ஜெயிக்கும்வரை சாசனத்தில் அப்படியே கிடந்தது. பதினோரு வருஷம்! படிக்கும் பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள்?

பெரியசாமி_சாக்ரமெண்டோ
மக்கள் எழுதியதை மக்கள்தான் அழிக்க முடியும். குமாஸ்தா ரப்பர் எடுத்து அழிக்க முடியாது.

மாலதி_ஃப்ரீமாண்ட்
1994-இன் ப்ராப் 187-ஐ என்ன சொல்வீர்கள் ஐயா? குடியேறிகளுக்கு எதிரான அந்தப் பிரிவுகளை 2014-இல் சட்டமன்றமே மசோதா போட்டு நீக்கியது. மக்கள் ஓட்டு கேட்கவில்லையே.

பெரியசாமி_சாக்ரமெண்டோ
அது சாதாரணச் சட்டம், அதுவும் பெரும்பகுதி கோர்ட்டில் ஏற்கனவே விழுந்தது. ப்ராப் 8 என்பது சாசனத் திருத்தம். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

வேணி_மில்பிடாஸ்
ஐயா, அக்கா, அதை அப்புறம் பேசலாமே. 666.1 கிடைத்துவிட்டது, நன்றி குமரன். ஆனால் ஏன் இந்தச் சட்டம் என்கிற முன்னுரை கோடில் இல்லை. கையேட்டு பிடிஎஃப்பிலிருந்து எடுத்து என் கோப்பில் ஒட்டினேன். திருத்திய பிரிவுகளில் ஒரே வாக்கியத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு பேச்சு வருகிறது. என் ஆங்கிலம்தான் தகராறா?

நூலகர்_ஹேவர்ட்
உங்கள் ஆங்கிலத்தில் கோளாறில்லை அம்மா. கையேட்டின் கடைசிப் பகுதியில் நீக்கும் சொற்களைக் குறுக்கே கோடு அடித்தும், சேர்க்கும் சொற்களைச் சாய்வெழுத்திலும் அச்சிடுவார்கள். காப்பி எடுத்து ஒட்டும்போது குறுக்குக் கோடும் சாய்வும் போய்விடுகின்றன. போக வேண்டிய பழைய சொல்லும் வந்த புதிய சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் நூலகத்தில் ஒரு மாணவி இதே காரணத்தால் ஒரு முழுக் கட்டுரையைத் திரும்ப எழுதினாள். காகிதக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுங்கள், அல்லது திருத்திய பிரிவை மட்டும் கோடிலிருந்து எடுங்கள்.

முன்னுரை கோடில் வராது. நோக்கம், ஒரு பகுதி செல்லாமல் போனாலும் மீதி நிற்கும் என்ற விதி, இவற்றைப் பெரும்பாலும் எந்தப் பிரிவு எண்ணும் தராமல் விட்டுவிடுவார்கள். அவற்றுக்குக் கையேடுதான் கதி, அல்லது அந்த வருஷத்துச் சட்டத் தொகுப்பு நூல். சட்டமன்றம் இதைப் பின்னால் எப்படித் திருத்தலாம் என்பதையும் முழு உரையில்தான் பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு எழுதினால் பெரியவர்களுக்குப் பாதிச் சட்டம்தான் போய்ச் சேரும். ஒவ்வொரு கவுண்டியிலும் சட்ட நூலகம் இருக்கிறது, வக்கீல் மட்டுமல்ல, யாரும் போகலாம்.

செல்வம்_சியாட்டில்
சாப்டர் எண் கொடுத்திருந்தால் இவ்வளவு அலைச்சல் வேண்டாமே. ஓரிகனுக்கு முடிகிறது, இவ்வளவு பெரிய மாநிலத்துக்கு முடியாதா?

குமரன்_ஓக்லண்ட்
அந்த ஒரு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும்.

வேணி_மில்பிடாஸ்
கையேட்டை வைத்து ஒப்பிட்டேன். என் கோப்பில் நான்கு இடத்தில் அடித்த வரியை நடப்புச் சட்டமாக எழுதியிருந்தேன். திருத்திவிட்டேன், மேலே வருஷத்தையும் போட்டுவிட்டேன். நூலகர் ஐயாவுக்கு ரொம்ப நன்றி. பிரின்ட் எடுக்கப் போகிறேன்.