உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம்: மகளை எடுக்க விடலாமா?

கடலோரத் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மன்னார் மாவட்டத்தின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தினர். என் மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதத்துக்கு ஏ சித்தி பெற்றிருக்கிறாள். ஏழு வயதிலிருந்து கோயில் பாடகர் குழாமில் பாடி வருபவள். வட இலங்கை சங்கீத சபையின் மூன்றாந் தரப் பரீட்சையையும் முடித்துவிட்டாள். பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ், புவியியல் ஆகியவற்றோடு சங்கீதத்தையும் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

அவள் படிக்கும் பாடசாலையில் உயர்தரத்துக்குச் சங்கீதம் கற்பிக்க ஆசிரியர் இல்லை. நகரத்துப் பாடசாலைக்கு மாற்றினால் பேருந்தில் முக்கால் மணி நேரம் போய்வர வேண்டும். உறவினர்களோ, கலைப்பிரிவே போதாதென்று பாட்டும் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்கிறார்கள். வேறொரு கவலையும் எனக்கு உண்டு. அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. படிக்க வேண்டிய கீர்த்தனைகள் பெரும்பாலும் இந்துத் தெய்வங்களைப் பாடுபவை. மகள் அவற்றை மனமுவந்து பாடுகிறாள். ஆனாலும் செய்முறைப் பரீட்சைக்குப் போய் அமரும்போது, இது உன் வீட்டுச் சொத்து அல்ல என்று அவளுக்கு யாராவது உணர்த்திவிடுவார்களோ என்று பயப்படுகிறேன். இந்தப் பாடத்தைக் கற்றவர்களும் கற்பித்தவர்களும் உண்மை நிலையைச் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு, கடைசியாகச் சொன்ன கவலைக்கே முதலில் பதில் எழுதுகிறேன். இந்த இசை உங்கள் மகளின் வீட்டுச் சொத்தும்தான். தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்து 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஒரு கிறிஸ்தவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தமிழ்க் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் பாடப்படுகின்றன, அவர் உங்களைப் போலவே கத்தோலிக்கர். நான் 22 ஆண்டுகள் உயர்தர வகுப்புக்குக் கற்பித்தேன். என்னிடம் படித்த கிறிஸ்தவப் பிள்ளைகள் யாரும் மதத்தின் பெயரால் புள்ளி குறைந்து வந்ததாக எனக்குத் தெரியாது. பரீட்சகர் கேட்பது சுருதி சேர்ந்திருக்கிறதா, தாளம் நிற்கிறதா, இராகத்தின் சாயல் விழுகிறதா என்பதைத்தான்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. நல்ல குரல் இருந்தால் இந்தப் பாடம் வந்துவிடும் என்று எண்ணி வரும் பிள்ளைகள்தான் எழுத்துப் பரீட்சையில் தடுமாறுகிறார்கள். 72 தாய் இராகங்களை வரிசைப்படுத்தும் மேளகர்த்தாத் திட்டம், தாளத்தின் பத்துக் கூறுகளான தாள தசப்பிராணங்கள், இராக இலட்சணம், பண்கள், வாத்தியங்கள், பாடலையும் இசையையும் இயற்றிய வாக்கேயகாரர் வரலாறு என்று படிக்க வேண்டியவை ஏராளம். அவற்றைப் பிழையற்ற தமிழில் விளக்கி எழுதவும் வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மேளகர்த்தா இராகத்தின் பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளை, எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறைப்படி எண்களாக்கித் திருப்பிப் போட்டால் அதன் மேள எண் வரும். மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று. 51ஐத் திருப்பினால் 15. இது இலகு. ஆனால் கரகரப்பிரியா என்று தமிழில் எழுதியதைப் பார்த்து, க ஒன்று, ர இரண்டு என்று கணக்கிட்டு, 12ஐத் திருப்பி 21 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள். 21 கீரவாணியின் எண். கரகரப்பிரியாவின் முதலெழுத்து வடமொழியில் மூச்சொலியோடு வரும் இரண்டாவது ககரம். ஆகவே அதன் மதிப்பு இரண்டு, மேள எண் 22. தமிழில் நான்கு ககரங்களுக்கும் ஒரே எழுத்து என்பதால், சூத்திரத்தை மட்டும் மனனம் செய்த பிள்ளை இவ்விடத்தில் விழும். காரணத்தை விளங்கிக்கொண்ட பிள்ளை விழாது. இப்படியான கணக்குகளை உங்கள் மகள் விரும்பிச் செய்கிறாளா என்று பாருங்கள். பாடுவதில் மட்டும் ஆசை என்றால், வேறு பாடம் எடுத்துக்கொண்டு சங்கீதத்தை வீட்டில் தொடர்வதே நல்லது என்பது என் துணிபு.

ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இருந்துகொண்டு, ஞாயிறு வகுப்பை மட்டும் நம்பி இந்தப் பாடத்தை எடுக்க விடாதீர்கள். மனோதர்மம், அதாவது சொந்தக் கற்பனையில் விரித்துப் பாடுவது, நேரில் கேட்டு, பாடி, திருத்தப்பட்டு வளர்வது. முக்கால் மணி நேரப் பயணம் பாரமில்லை.

மருதனார்மடம் மாணவன் எழுதியது:

அம்மா, நான் இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கிறேன். ஆசிரியை சொன்ன யாவற்றையும் ஏற்றுக்கொண்டு, அவர் தொடாத ஒரு விடயத்தை மட்டும் எழுதுகிறேன்.

சங்கீதத்துக்கு இலகுவாக ஏ எடுக்கலாம், ஆகவே பல்கலைக்கழகம் உறுதி என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். பல்கலைக்கழக அனுமதி பார்க்கப்படுவது மூன்று பாடங்களின் இசட் புள்ளியை வைத்து. ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்து உங்கள் புள்ளி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. ஒரு பாடத்தில் பலரும் நல்ல புள்ளி பெற்றால், அதே ஏ சித்தியின் பெறுமதி குறைந்துவிடும். எனவே சங்கீதத்தை நம்பித் தமிழையும் புவியியலையும் தளரவிடக் கூடாது. நான் அப்படித் தளரவிட்டதால் இரண்டாம் முறை தோற்ற வேண்டியதாயிற்று.

இசைப் பட்டப்படிப்புக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகம் நடத்தும் செய்முறைத் தேர்விலும் சித்தியடைய வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள மருதனார்மடத்தில் 1960இல் சங்கீதக் கல்லூரியாகத் தொடங்கி, மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த இடத்தில்தான் நாங்கள் படிக்கிறோம். கிழக்கே மட்டக்களப்பு, கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் பெயரிலான நிறுவகத்திலும் இசை படிக்கலாம். பெரும்பாலானோரின் இலக்கு ஆசிரியர் நியமனம். அது உடனே கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். என் மூத்த மாணவர்கள் சிலர் வீட்டில் வகுப்பு நடத்திக்கொண்டு காத்திருக்கிறார்கள். உறவினர்களின் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. அதைத் தங்கையிடம் மறைக்காமல் சொல்லி, அதன்பிறகும் அவள் விரும்பினால் அனுப்புங்கள்.

கடலோரத் தாய் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரீச்சர் எழுதிய கரகரப்பிரியாக் கணக்கை நேற்றிரவு மகளிடம் கேட்டேன். 21 என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு கொப்பியை எடுத்து, அது கீரவாணியாயிற்றே என்று தானே பிழையைக் கண்டுபிடித்து, க வரிசை முழுவதையும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். தம்பி எழுதிய வேலை நிலைமையையும் வாசித்துக் காட்டினேன். மௌனமாகக் கேட்டவள், புவியியலுக்கும் வகுப்புக்குப் போகிறேன் என்றாள். புதிய பாடசாலையில் சேர்ப்பதற்கு முன் அங்குள்ள ஆசிரியரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை எழுதியது:

பிழையைத் தானே கண்டுபிடித்தாள் என்பதை வாசித்ததும் என் மனம் நிறைந்துவிட்டது. சேர்த்துவிடுங்கள், சகோதரி.

ஆசிரியரிடம் வாரத்தில் எத்தனை பாடவேளை செய்முறைக்கு ஒதுக்கப்படுகிறது, ஸ்வரங்களை அந்த நேரத்திலேயே கற்பனையாகப் பாடும் கற்பனைஸ்வரத்தை எந்தத் தவணையில் தொடங்குவார் என்று கேளுங்கள். பிள்ளையை அவர் முன்னால் அட தாள வர்ணம் ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். அதில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, பதினான்கு அட்சரம்: ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு. எட்டு அட்சர ஆதி தாளத்திலேயே பழகிய கை முதலில் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைக் கண்டு பாட்டை நிறுத்தி, கையைப் பிடித்துத் தாளத்தைத் திருத்துகிற ஆசிரியராக இருந்தால், பேருந்துப் பயணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்.