வழி போடும் மென்பொருளை வைத்து நீங்கள் அடித்த கூத்து எது?

குடந்தைப் பேரன்:
நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றார் அம்மா. ஓஆர்-டூல்ஸ் என்கிற கூகுளின் இலவச வழிக்கணக்கு மென்பொருளில் ஒன்பது ஊரையும் போட்டேன், மதியம் நடை சாத்துகிற நேரத்தையும் சேர்த்து. திங்களூரில் தொடங்கி, ஆலங்குடி, திருநாகேஸ்வரம் வழியாகப் போய்த் திருநள்ளாற்றில் முடிகிற மாதிரி அழகான வரிசை வந்தது. அன்று ஞாயிறு. கார் கிளம்பியதும் டிரைவர் அண்ணன், "அம்மா, இன்னைக்கு ராகு காலம் நாலரைக்குத்தான். நாகேஸ்வரத்துல பால் நீலமா மாறுறதை அப்பப் பார்த்தாத்தான் விசேஷம்" என்றார். போச்சு. பின்சீட்டில் லேப்டாப்பைத் திறந்து, திருநாகேஸ்வரம் 4:30 முதல் 6:00 என்று மாற்றி ஓடவிட்டேன். விடையே இல்லை என்றது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ராகுவை வரிசையில நிக்க வெச்சா இப்படித்தான்" என்றார். திருநள்ளாறு மறுநாளைக்குப் போனது. அந்த அண்ணன் தெரிந்துதான் கொளுத்திப் போட்டாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.

வைகைக்கரை:
தங்கை கல்யாணப் பத்திரிகை வைக்க மதுரை முழுக்க வீடுகளைக் குறித்து, குறைந்த தூரம் எடுத்தேன். அப்பா தாளைப் பார்த்தார். பெரிய அத்தை வீடு கடைசியில் இருந்தது. ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்து அத்தை பெயருக்குப் பக்கத்தில் 1 என்று போட்டார். அப்புறம் தாய்மாமனுக்கு 2. அவ்வளவுதான், மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொண்டது.

கணக்குப்பிள்ளை:
@குடந்தைப் பேரன், ஒன்பது ஊருக்கு எதற்கு ஓஆர்-டூல்ஸ்? மொத்தமே 3,62,880 வரிசைதான். பத்து வரி நிரலில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். 1954லேயே டான்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்ற மூன்று கணித வல்லுநர்கள் கையால் 49 ஊருக்குக் குறைந்த வழியை நிரூபித்துவிட்டார்கள். உங்கள் சிக்கல் தூரம் இல்லை, கிழமை. சனிக்கிழமை ராகு காலம் 9:00 முதல் 10:30. காலையில் அந்தப் பக்கம் போகும்போதே முடிந்துவிடும். ஆனால் சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வெள்ளி 10:30 முதல் 12:00. அதற்குப் பிறகு நடை சாத்துவதற்குள் சூரியனார் கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன் கோயில் மூன்றையும் முடிக்க முடியாது. செவ்வாய், புதன், வியாழன் ராகு காலமெல்லாம் நடுப்பகலிலோ பிற்பகலிலோ விழுகிறது. திங்கள் 7:30 முதல் 9:00. விடியற்காலை திங்களூர், நேரே திருநாகேஸ்வரம், அப்புறம் ஆலங்குடி, சூரியனார் கோயில், கஞ்சனூர். மதியச் சாப்பாடு வைத்தீஸ்வரன் கோயிலில்; நாலு மணிக்குத் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. மென்பொருளிடம் கிழமையையும் கேட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

ஓட்டக்காரன்:
நான் கோயிலுக்கெல்லாம் போகவில்லை. அண்ணா நகர்த் தெருக்களில் யானை வடிவத்தில் ஓட்டப்பாதை போட்டேன். தும்பிக்கைக்கு ஒரு முட்டுச்சந்தில் போய்த் திரும்ப வேண்டும். வாட்ச்மேன் எழுந்து வந்து, "யார் வீடு தேடுறீங்க?" என்றார். யானை என்று எப்படிச் சொல்வது? பிரிட்டனில் 49,687 பப்களுக்கும் நடந்து போக ஆகக் குறுகிய வழியை 2018ல் கண்டுபிடித்த கணிதப் பேராசிரியர் வில்லியம் குக் குழு புத்திசாலிகள். கணக்கோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வைகைக்கரை:
@கணக்குப்பிள்ளை, எல்லா வரிசையையும் போட்டுப் பார்ப்பது ஒன்பது கோயிலுக்குச் சரி. எங்கள் சொந்தக்காரர்களுக்கு முடியாது. அதிலும் பேசாமல் இருக்கிற இரண்டு சித்தப்பாக்களை என்ன நிபந்தனையாகக் கொடுப்பது, சொல்லுங்கள்.

குடந்தைப் பேரன்:
திங்கள்கிழமை எல்லாம் சரி சார். லீவை எந்த மென்பொருள் வாங்கித் தரும்?