படைவீரர் குடும்பங்களுக்கு ஊரிலேயே ஓர் உதவி மையம்: நடத்தும் செலவுக்கு எங்கே போவது?

கேள்வி: ஓய்வு பெற்ற சுபேதார், வேலூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். கணியம்பாடி ஒன்றியத்தில் உள்ள எங்கள் ஊரில் பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கணவரை இழந்தவர்கள் என ஏறத்தாழ நூற்றிருபது பட்டாளத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. சென்ற நவம்பரில், எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி, வாழ்நாள் சான்றிதழ் கொடுப்பதற்காக மூன்று முறை பேருந்தில் வேலூர் சென்று திரும்பினார். ஓய்வூதிய ஆணையில் அவர் பெயர் ‘அம்மா’ என்று முடிகிறது, ஆதாரில் ‘அம்மாள்’ என்று முடிகிறது. அந்த ஓர் எழுத்துக்காக மூன்று நாள் அலைச்சல்.

இதைப் பார்த்த பிறகுதான், குடும்பங்களுக்கென்று ஊரிலேயே ஓர் உதவி மையம் வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் முடிவு செய்தோம். கட்டடத்திற்கு நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்கலாம் என்கிறார்கள். ஆனால் அதை மாதாமாதம் நடத்தும் செலவுக்கு என்ன செய்வது? கொடி நாள் நிதியிலிருந்து எங்களைப் போன்ற சங்கங்களுக்குத் தருவார்களா? தொழில் நிறுவனங்களிடம் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

சுபேதார் ஐயா, கொடி நாள் நிதியை எதிர்பார்த்துத் திட்டம் போட வேண்டாம். 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று கொடி நாள் அனுசரிக்கப்படுகிறது, நம் மாநிலத்தில் ஒவ்வொரு துறைக்கும் இலக்கு வைத்து மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலிக்கிறார்கள் என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே. ஆனால் அந்தப் பணம் பயனாளிகளுக்கு உதவித்தொகையாகப் போய்ச் சேருமே தவிர, ஊர்ச் சங்கம் ஒன்றின் வாடகைக்கும் சம்பளத்திற்கும் வராது. மாவட்ட நல அலுவலகத்தின் நிர்வாகச் செலவை மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடுமாகப் பகிர்ந்துகொள்கின்றன. அதற்குக் கீழே, ஒன்றிய அளவிலோ ஊர் அளவிலோ, அரசு சம்பளத்தில் ஆள் கிடையாது. உங்கள் பாட்டியை வேலூருக்கு அலைய வைத்தது அந்த இடைவெளிதான்.

பணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஓய்வூதியம் இல்லாத, 65 வயதைக் கடந்த முன்னாள் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவையருக்கும் மத்திய அரசு தரும் வறுமை நிவாரணம், 2025 நவம்பர் முதல் மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. ஹவில்தார் வரையிலான தரத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, இரண்டு பேர் வரை, கல்வி உதவி ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய். மகள் திருமண உதவி ஒரு லட்சம். இவை தவிர முன்னாள் படைவீரர் நலனுக்கான மாநிலத்தின் தொகுப்பு நிதி தனியாக இருக்கிறது.

நான் மேசையில் இருந்த ஆண்டுகளில் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தகுதி இல்லாதவர்களுடையவை அல்ல. திருமண உதவிக்கு 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது தெரியாமல், முதல் பேரன் பிறந்த பிறகு வந்து நின்றவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை பார்ட் டூ ஆர்டர். திருமணமும் குழந்தை பிறப்பும் படைப்பிரிவின் அந்த ஆணையில் பதிவாகி ஆவணக் காப்பு அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். அது நடக்காவிட்டால், இருபது ஆண்டு குடும்பம் நடத்திய மனைவியும் காகிதத்தில் யாரோ ஒருவர்தான். வீரர் பணியில் இருக்கும்போது ஒரு கடிதத்தில் முடிகிற இந்தக் காரியம், அவர் இறந்த பிறகு வருடக்கணக்கில் இழுக்கும். உங்கள் மையம் இந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே போதும் என்பேன்.

பதில் 2: பணியில் இருக்கும் ஹவில்தாரின் மனைவி

சுபேதார் ஐயாவுக்கு வணக்கம். நலத்திட்டம் என்றாலே ஓய்வு பெற்றவர்களும் விதவையரும்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறார்கள். அது நியாயம்தான், ஆனால் கணவர் பணியில் இருக்கும்போது ஊரில் தனியாகக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்களுக்கும் ஓர் இடம் வையுங்கள். 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்களுக்கு உரியது. எங்களுக்கு ராணுவ மருத்துவமனை உண்டு, ஆனால் நம் மாவட்டத்தவர் அதற்குச் சென்னைக்கோ, அதைவிடத் தொலைவில் நீலகிரியில் உள்ள வெலிங்டனுக்கோ போக வேண்டும். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறோம். அவசரச் சிகிச்சைக்குச் செலவைத் திரும்பப் பெற வழி இருந்தாலும், அதற்கு எந்தத் தாளை எத்தனை நாளுக்குள் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.

1966-இல் பதிவு செய்யப்பட்ட ராணுவ மனைவியர் நலச் சங்கம் நல்ல பணி செய்கிறது. இருந்தாலும் அதன் கை எட்டுவது பெரும்பாலும் படைமுகாம் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கே. மாமியாரோடும் மாட்டோடும் ஊரில் இருப்பவளுக்கு அது தொலைவு.

எங்கள் வீட்டு நிலத்தில் பக்கத்துக்காரர் வரப்பை இரண்டடி தள்ளி வெட்டினார், கேட்டதற்கு வழக்குப் போட்டார். என் கணவர் அப்போது லடாக்கில் இருந்தார். எல்லையில் பணியாற்றும் வீரர் மீதான சிவில் வழக்கை, அவர் வர இயலாத நிலையை உரிய அதிகாரி சான்றளித்தால் பொதுவாக நீதிமன்றம் நிறுத்தி வைக்கும் என்று 1925-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. அது எனக்குத் தெரிவதற்குள் இரண்டு வாய்தா போய்விட்டது. 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென்று ஓர் இலவசச் சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மாதம் ஒரு நாள் அந்தத் திட்டத்தின் வழக்கறிஞர் ஒருவரை ஊருக்கு வரவழைக்க முடியுமா என்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள். அதற்குச் செலவு கிடையாது.

இன்னொன்றையும் மனத்தாங்கல் இல்லாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். சங்கக் கட்டடம் என்றால் எங்கள் பக்கத்தில் ஆண்கள் சீட்டாடும் இடம் என்று ஆகிவிட்டது. மேசையில் ஒரு பெண் இருந்தால்தான் நாங்கள் படியேறுவோம்.

பதில் 3: அறக்கட்டளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்பவர்

நிறுவனங்களிடம் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, ‘முன்னாள் படைவீரர்கள், போர் விதவையர், அவர்களைச் சார்ந்தோர்’ ஆகியோரின் நலனைச் சமூகப் பொறுப்புச் செலவாகவே ஏற்கிறது. அந்த வாசகத்தில் பணியில் இருக்கும் வீரரின் குடும்பம் நேரடியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். மேலே அம்மா சொன்ன தேவைகளுக்குப் பணம் கேட்டால், அதே அட்டவணையில் உள்ள மருத்துவம் அல்லது கல்வித் தலைப்பில் எழுத வேண்டும். தவறான தலைப்பில் எழுதிய விண்ணப்பத்தை நிறுவனத்தார் படித்துப் பார்க்காமலே ஒதுக்கிவிடுவார்கள்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. பணம் பெறும் அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின் கீழ் 12ஏ, 80ஜி என்று அழைக்கப்படும் வரிச்சலுகைப் பதிவுகளும், 2021 ஏப்ரல் முதல், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பணத்தைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவும், அதே போன்ற பணியில் குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். புதிதாகத் தொடங்கும் சங்கத்தால் இதை உடனே காட்ட முடியாது. ஏற்கெனவே தகுதி பெற்ற ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து மூன்றாண்டு நடத்திவிட்டுப் பிறகு தனியாகப் போவதே நடைமுறை.

தொகுதி மேம்பாட்டு நிதி நிலையான சொத்துகளை உருவாக்குவதற்கானது, அதிலிருந்து சம்பளம் தர முடியாது. கட்டடம் எழும்பி, மின்கட்டணம் கட்ட ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பதைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். ஆகவே கட்டடத்தைக் கடைசிக்கு வையுங்கள். வாரம் இரண்டு நாள் வேலை செய்யும் ஒருவர், ஒரு கணினி, அச்சுப்பொறி, விரல்ரேகைக் கருவி, இணைய இணைப்பு என்று கணக்கிட்டால், கருவிகளின் முதல் செலவு போக மாதம் 12,000 ரூபாய்க்குள் நடத்திவிடலாம் என்பது என் மதிப்பீடு. நூற்றிருபது குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் தந்தால் அது வந்துவிடுகிறது. ஓய்வூதியம் இல்லாதவர்களிடம் வாங்கக் கூடாது என்பீர்கள், சரிதான். அந்தப் பங்கை வசதி உள்ளவர்கள் சேர்த்துக் கொடுக்கட்டும். முதல் மாதத்திலிருந்தே வங்கிக் கணக்கு வழியாக வாங்கி, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். நிறுவனத்தார் பின்னாளில் முதலில் கேட்கப்போவது அந்த ஏடுகளைத்தான்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டத்தில் உங்கள் பதில்களைப் படித்துக் காட்டினேன். கட்டடம் வேண்டாம் என்றதும் இருவர் முகம் சுருங்கியது, சீட்டாட்டம் பற்றிய வரியில் ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஊராட்சி நூலகத்தை ஒட்டிய அறையைச் செவ்வாயும் சனியும் தரத் தலைவர் இசைந்திருக்கிறார். பட்டம் படித்த, பட்டாளத்து வீட்டு மருமகள் ஒருவர் மேசையில் அமர ஒப்புக்கொண்டார். எண்பத்தாறு குடும்பங்கள் மாதம் 100 ரூபாய்க்கும் பதினோரு குடும்பங்கள் 200 ரூபாய்க்கும் கையெழுத்திட்டுள்ளன. 1,200 ரூபாய் குறைகிறது, அதைச் சங்க இருப்பிலிருந்து ஓராண்டு சமாளிப்போம். பார்ட் டூ ஆர்டர் நகல் யார் வீட்டில் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று தெருத்தெருவாகக் குறிப்பெடுக்கும் வேலை வரும் சனிக்கிழமை தொடங்குகிறது.

பாட்டியின் பெயர்த் திருத்த விண்ணப்பத்தைப் பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்திற்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஏற்றிவிட்டோம். ரசீதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, இன்னும் பதில் வரவில்லையா என்று தினமும் கேட்கிறார்.